சைபர் காட்டிய மலையிடுக்கு

காலை 10.20. வெம்பிளி.

சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், மூன்று பேர் வேலை செய்யும் சின்னக் கந்தோரில் இரும்பு அலுமாரி திறந்து கிடந்தது. உள்ளே இருக்க வேண்டிய டிஸ்க்கைக் காணவில்லை.

"பூட்டு உடையேல்லை," என்றாள் கிளறிற்றா. இருபது வருடம் பொலிசில் துப்பறிந்துவிட்டுப் போன மாதம்தான் விலகியவள். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாதவள், முதலாளி கூப்பிட்டதும் வந்துவிட்டாள். "திறப்பு எங்க இருக்கும்?"

"மேசை லாச்சிக்குள்ள. மூண்டு பேருக்கும் தெரியும்," என்றார் முதலாளி யோகலிங்கம். கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாக இருந்தார் மனுசன்.

இருக்காதா பின்னே? மலையில் கால் வைக்காமலே பனியின் ஆழத்தை அளப்பது அவர்கள் தொழில். கோடையில் ட்ரோனைப் பறக்கவிட்டு வெறும் தரையின் உயரத்தை எடுப்பார்கள். மாரியில் மேலே சுற்றும் செய்மதி எடுத்த படத்திலிருந்து பனியின் மேல்மட்ட உயரத்தை எடுப்பார்கள். இதிலிருந்து அதைக் கழித்தால் ஆழம். அவ்வளவுதான் வித்தை. அந்த வரைபடத்தை நம்பித்தான், ஒன்பது நாளாக அடைபட்டுக் கிடக்கும் ஓர் அல்ப்ஸ் கிராமத்தின் பாதையை இன்று லண்டன் நேரம் ஒரு மணிக்குத் திறக்கப்போகிறார்கள். முதல் வாகனத்தில் போகிறவன் யோகலிங்கத்தின் மகன் துஷாந்தன். ஒரு சரிபார்ப்புக்காகக் கோடைப் படங்களையும் அனுப்பச் சொல்லி நேற்றுப் பின்னேரம் அங்கிருந்து கேட்டிருந்தார்கள். காலையில் வந்து பார்த்தால் படங்கள் இருந்த டிஸ்க் மாயம்!

"பாதையை மறிக்கச் சொல்லுங்கோவன்," என்றாள் கிளறிற்றா.

"காரணம் கேப்பாங்கள். என்னத்தைச் சொல்ல?"

10.45. வரைபடம் போடும் பவளக்கொடி. கோலாலம்பூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவள்.

"நேற்று எத்தனை மணிக்குப் போனனீங்கள்?"

"அஞ்சரைக்கு. நான் எதுக்கு எடுக்கணும்? என் கணக்கு சரின்னு காட்டுறதே அந்த டிஸ்க்தான் லா!"

திரையில் மலை முழுவதும் நீலம். பாதைக்கு நேர்மேலே ஓர் இடுக்கு மட்டும் வெள்ளை.

"இது என்ன?"

"ஜீரோ. அங்க பனி இல்ல."

"மேட்டில ஒண்டரை மீற்றர், பள்ளத்தில சைபரோ?"

"காத்து அள்ளிட்டுப் போயிருக்கும்னு ரதீசன் சொன்னாரு."

"கழிச்சு மைனஸ் வந்தா?"

"ப்ரோக்ராம் அதையும் ஜீரோ ஆக்கிடும். பனி மைனஸ்ல இருக்காதில்ல?"

11.10. ட்ரோன் பறக்கவிடும் ரதீசன். நெற்றியில் திருநீறு. கண் உறங்காத முகம்.

"கோடைப் படம் எப்ப எடுத்தது?"

"ஓகஸ்ட் பத்து, அக்கா. நான் தனியப் போய் எடுத்தது. அறிக்கை அட்டையில போட்ட மலைப் படத்தில ஒரு கோபுரம் இருக்கு. அதின்ர நிழலை அளந்து பாருங்கோ, சரியாத்தான் இருக்கும்."

நிழலைப் பற்றி யார் கேட்டார்கள்? கிளறிற்றா எழும்பினாள். அறையைச் சுற்றி நடந்தாள். சாமித் தட்டில் முருகன் படம் வழக்கத்துக்கு மாறாக முன்னுக்குத் தள்ளி நின்றது. சுவரில் புது வருடக் கலண்டர், அதே ஆணியில் அதற்கடியில் பழையது. எங்கள் சனம் பழசைக் கழற்றினால்தானே! புதியதைத் தூக்கிப் பழையதை எட்டாம் மாதம் வரை புரட்டினாள். பக்கத்துப் பலகையில் குத்தியிருந்த படத்தையும் உற்றுப் பார்த்தாள். பிறகு போனில் ஏதோ தட்டிப் பார்த்து, வாய்க்குள் சிரித்தாள்.

12.15.

"தம்பி ரதீசன், டிஸ்க்கை எடுத்துத் தாரும்."

"அக்கா, என்ன கதைக்கிறீங்கள்!"

"ஓகஸ்ட் பத்தில சூரியன் நிக்கிற உயரத்திலதான் மே ரெண்டிலும் நிக்கும். நிழல் ஒரே அளவு. அதைக் கணக்குப் பார்த்துத்தான் திகதியை மாத்தினனீர். ஆனா ஓகஸ்ட் பத்து என்ன நாள்?" பழைய கலண்டரைக் காட்டினாள். பத்தாம் திகதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். யோகலிங்கத்தின் கையெழுத்து: லண்டன் கோயில் தேர், கந்தோர் பூட்டு. "பலகையில அந்தத் தேர்ப் படம், மூலையில அதே திகதி. முன்னுக்குக் காவடியோட நிக்கிறது ஆர்? நீர்தானே?"

ரதீசன் பொத்தென்று கதிரையில் இருந்தான்.

"மேயில அந்த இடுக்குக்குள்ள பழைய பனி உருகாமல் கிடந்தது. படத்தில அது தெரியும், அதாலதான் டிஸ்க்கை ஒளிச்சனீர். நீர் தரையெண்டு அளந்தது தரையில்லை, பனியின்ர முதுகு. இப்ப நிக்கிற பனி அந்த உயரத்தை எட்டேல்லை, அதைக் கழிச்சா மைனஸ்தான் வரும். ப்ரோக்ராம் சைபர் ஆக்கிப்போட்டுது. பாதைக்கு மேல சரிய அங்க எவ்வளவு பனி நிக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

யோகலிங்கம் போனை எடுத்தார். 12.31க்குப் பேசினார். 12.44க்குப் பதில் வந்தது. பாதை திறக்காது.

முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தான் ரதீசன்.

"ஓகஸ்டில போகத்தான் இருந்தனான் அண்ணை. மகள் ஐசியூவில. விட்டிட்டுப் போக மனம் வரேல்லை. நேர்த்தி வைச்சுக் காவடி எடுத்தன், தப்பிட்டாள். சொல்லப் பயந்து, சோதனைக்கு மேயில எடுத்த படத்தையே குடுத்திட்டன். அந்த இடுக்கில பனியிருக்காது எண்டு என்னை நானே நம்ப வைச்சன்."

பவளக்கொடி வாயில் கை வைத்தபடி நின்றாள்.

1.50. துஷாந்தனின் செய்தி வந்தது. ஒரு படம். பாதை இருந்த இடத்தில், இடுக்கிலிருந்து சரிந்து வந்து இரண்டு மாடி உயரத்துக்குப் பனி. கீழே ஒரு வரி: 'ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?'

யோகலிங்கம் போனை மேசை மேல் வைத்து, ரதீசன் பக்கம் தள்ளினார். அவன் வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"என்ர பிள்ளைக்காக எடுத்த காவடி அண்ணை," என்றான். "உங்கட பிள்ளையைக் கொண்டுபோகப் பார்த்திட்டுது."

யோகலிங்கம் எழும்பிப் போய்ப் பழைய கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினார்.