பழஞ்சாவி சேகரிப்போர் குழு

காலையில் பல் துலக்கும்போதே நஞ்சப்பனைப் பிடித்துக்கொண்டது குளியலறைக் கண்ணாடி. "ஐயா, உங்கள் ஆர்வம் இன்னும் பதிவாகவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுங்கள்."

வேலையெல்லாம் இயந்திரங்கள் கைக்குப் போன பிறகு, மனிதர்கள் பேச்சுத்துணை இல்லாமல் வீட்டுக்குள்ளேயே வாடிப்போனார்கள். அப்போது வந்ததுதான் ஆர்வச் சட்டம். ஆளுக்கொரு பொழுதுபோக்கு, அதற்கொரு இணையக் குழு, கட்டாயம். தேர்ந்தெடுக்காமல் டிமிக்கி கொடுப்பவரை, குழுக்களை நடத்தும் ஆர்வத்தளமே நெருங்கிய சொந்தக்காரரின் குழுவில் தள்ளிவிடும். நஞ்சப்பனுக்கு அப்படி வாய்த்தவர் மனைவியின் அண்ணன் பொன்னுரங்கம். அவர் நடத்தியது பாட்டுக் குழு.

"எங்கண்ணன் குழுவுல சேர்ந்தாத்தான் என்னங்க?" என்றாள் தெய்வானை.

"நம்ம கல்யாணத்துல பாடுனதே இன்னும் காதுல நிக்குது."

சும்மா கிடப்பதுதான் நஞ்சப்பனின் ஒரே ஆசை. பாவம், அதற்கு மட்டும் குழு இல்லை. சுவர்த்திரையில் பட்டியலின் அடிவரை தேடியதில் 'பழஞ்சாவி சேகரிப்போர்' கண்ணில் பட்டது. முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் கோயம்புத்தூரில் சாவியை எவன் சீந்தப்போகிறான்? ஆளும் இருக்காது, தொல்லையும் இருக்காது என்று சேர்ந்துவிட்டார்.

போனால் உள்ளே மூன்று பேர். உடுமலைப்பேட்டை துளசிமணி தன் அபூர்வச் சாவி என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அது ஸ்பேனர். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை; ஒருவருக்கும் தெரிந்தால்தானே? கடைசியில் துளசிமணிக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நெசத்தைச் சொல்லிப்போடறனுங்க. எங்க நாத்தனாரோட யோகாக் குழுவுக்குப் பயந்து ஓடியாந்தேன்."

மற்ற இருவரும் அப்படி ஓடிவந்தவர்கள்தான். அன்று தொடங்கியது பேச்சு. மூட்டுவலி, சம்பந்தி வீட்டுச் சண்டை, உப்புமா என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நஞ்சப்பன் தனியாகச் சிரிப்பதைக் கண்டு தெய்வானை இரண்டு முறை எட்டிப்பார்த்தாள்.

ஒருநாள் ஆர்வத்தளத்தின் கண்காணிப்புப் பொறி குறுக்கிட்டது. "இங்கே சாவி பற்றிய பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை தேர்வு. தோற்றால் குழு கலைக்கப்படும்."

நஞ்சப்பனுக்குப் பொன்னுரங்கத்தின் பாட்டுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. இந்த மூன்று பேர் இல்லாமல் நாளை யாரோடு பேசுவது என்பதுதான் துக்கமாக இருந்தது. நால்வரும் விழுந்து விழுந்து படித்தார்கள். வெள்ளிக்கிழமை, திண்டுக்கல் பூட்டின் சாவியைப் பற்றி நஞ்சப்பன் பேசிய பேச்சில் துளசிமணிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அபாரம்," என்றது பொறி. "இவ்வளவு ஆர்வம் வேறெங்கும் இல்லை. இதற்குப் பரிசாக இந்தப் பேச்சை ஊருக்கே ஒளிபரப்பி, எல்லோரையும் குழுவுக்கு அழைக்கிறோம்."

ஆயிரக்கணக்கில் கூட்டம் நுழைந்தது. முன்னால் வந்தவர் பொன்னுரங்கம்.

"மாப்ள, உங்க பேச்சைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போச்சு. சாவி மேல ஒரு பாட்டே கட்டிட்டேன். பாடட்டுங்களா?"

நஞ்சப்பன் இடிந்துபோய் உட்கார்ந்தார். திரையின் ஓரத்தில் துளசிமணியின் செய்தி வந்து விழுந்தது: 'பாட்டில்மூடிக் குழுன்னு ஒண்ணு ஆளே இல்லாம கெடக்குதுங்க. நாங்க மூணு பேரும் போயிட்டோம். சீக்கிரம் வாங்க. இந்தத் தடவை யாரும் நல்லாப் படிச்சுத் தொலைக்க வேண்டாம்.'

"பாடுங்க மச்சான், தண்ணி குடிச்சுட்டு வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு, நஞ்சப்பன் பாட்டில்மூடிகளைத் தேடிப் போனார்.