தம்பியின் நல்ல ரத்தம்

டாக்டர் விஜயஸ்ரீ ஐஸ்பெட்டியும் கையுமாக உள்ளே வந்ததுமே எப்சிக்கு வயிறு எரிந்தது. அவள் கணவர் நேசையா, பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர், யார் வந்தாலும் உட்கார்ந்தபடியே தலையாட்டுகிற ஆள். இந்த அம்மாளுக்கு மட்டும் எழுந்து நின்று நாற்காலியும் இழுத்துப் போட்டார்.

"ஒரு சிக்கல் சார்," என்றாள் டாக்டர். "தச்சநல்லூர்ல ஒரே வீட்டுல அண்ணன் தம்பி. ரெண்டு பேருக்கும் ரத்தக்கொதிப்பு. அண்ணன் தாணுமாலையன் ஒல்லி, தம்பி குருபிரசாத் நல்ல குண்டு. உடம்புக் கொழுப்பு சும்மா கிடக்காது சார், ஹார்மோன் சுரக்கும். அதுல அடிப்போனெக்டின்னு ஒண்ணு ரத்தக்குழாயக் காப்பாத்தும். அது குறைஞ்சு லெப்டின்னு இன்னொண்ணு கூடினா, கொதிப்புக்காரங்களுக்கு மாரடைப்பு ஆபத்து அதிகம். போன மாசம் பார்த்தப்ப அண்ணனுக்குத்தான் ஆபத்துன்னு வந்துச்சு."

"ஒல்லியா இருக்கவருக்கா?" எப்சி குறுக்கே விழுந்தாள்.

"குடலச் சுத்தி ஒளிஞ்சிருக்க கொழுப்பு வெளிய தெரியாதும்மா. எதுக்கும் இன்னொரு தடவை ரத்தம் எடுத்தோம். இப்ப தலைகீழா வந்திருக்கு, ஆபத்து தம்பிக்காம். ரெண்டு உடம்பும் ஒரு மாசத்துல இப்படி இடம் மாறாது. ரத்த வகையும் ஒண்ணு, அத வச்சும் பிரிக்க முடியல. மூணாவது தடவை எடுக்கணும்னா அண்ணன்காரர் ஊசியே வேண்டாங்காரு. ஆளு மாறி மருந்து குடுத்தா, நிஜமான நோயாளி என்னைக்கு வேணாலும் விழுந்திருவாரு சார்."

நேசையா பெட்டியைத் திறந்து, இரண்டாம் தடவை எடுத்த ரத்தம் இருந்த இரண்டு கண்ணாடிக் குப்பிகளையும் பார்த்தார். பெயர் எழுதிய ஸ்டிக்கர்கள் ஓரத்தில் சுருங்கியிருந்தன.

"எங்க லேப் பையன் கிங்ஸ்டன் ஒட்டினா இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்," என்றாள் டாக்டர். ரத்தம் எடுக்க வீட்டுக்குப் போனவன் அவன்தான்.

"நல்லாக் கவனிச்சிருக்கீங்க," என்று நேசையா பாராட்டினார். எப்சி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எல்லோரும் தச்சநல்லூர் வீட்டில் கூடினார்கள். தாணுமாலையன் பூசையை முடித்துவிட்டு வந்தார். நெற்றியில் குழைக்காத திருநீறு பட்டை பட்டையாக இருந்தது. பேசப் பேசச் சட்டையில் உதிர்ந்தது. கூடத்தில் அவர் மனைவி பிரம்மநாயகி, கொழுந்தனுக்கு ஓட்ஸ் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குருபிரசாத் முகத்தில் ஈயாடவில்லை.

"பத்து வருசமா நானும் இந்தக் கஞ்சியத்தான் குடிக்கேன்," என்றார் தாணுமாலையன். "ஒருநாளு ஆத்திக் குடுத்திருப்பாளா?"

அவர் தம்பியின் தம்ளரைப் பார்த்த பார்வை எப்சிக்குப் பழக்கமானது. நேற்று முழுக்க அவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்த அன்னைக்கு யாரு யாரு இருந்தா?" என்று நேசையா கேட்டார்.

"நான் கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் போயிட்டேன்," என்றாள் பிரம்மநாயகி.

"இவங்க ரெண்டு பேருந்தான் சார்," என்றான் கிங்ஸ்டன். "பெரியவரு பூசைய முடிச்சிட்டு வந்தாரு. சின்னவரு பாயில இருந்து எழும்பி, மூஞ்சிகூடக் கழுவாம கைய நீட்டினாரு. கையுறையோடதான் எடுத்து, ஸ்டிக்கரும் ஒட்டி மேசைல வச்சேன். அப்புறம் கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன்."

எப்சி கணவர் காதருகே குனிந்தாள். "பெரியவருதாங்க. அந்தக் கண்ணு எனக்குத் தெரியும்."

"கண்ணச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதுளா," என்று நேசையா சிரித்தார். பிறகு பிளேடு நுனியால் ஸ்டிக்கர்களைப் பைய உரித்து வெளிச்சத்தில் காட்டினார். இரண்டிலும் பசைப்பக்கம் வெள்ளைப்பொடி அப்பியிருந்தது.

"திருநீறு. கையுறை போட்டவன் ஒட்டினதுல இது இருக்காது. குளிக்காத தம்பி விரல்லயும் இருக்காது. பூசை முடிச்ச கையோட ஒருத்தர் ரெண்டையும் உரிச்சு மாத்தி ஒட்டியிருக்காரு. மூணாவது ஊசி வேண்டாம்னவரும் அவருதான். என்ன அண்ணாச்சி?"

தாணுமாலையனின் கை தானாக நெற்றிக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"வாயக் கட்டி வயித்தக் கட்டி நான் கிடக்கேன்," என்று வெடித்தார். "இவன் அல்வாவா திங்கான். திங்கானேன்னு இவளும் மெச்சி மெச்சிப் போடுதா. கடைசில நல்ல ரத்தமும் இவனுக்காம்! எனக்குப் பொறுக்கலவே!"

"அவரு நல்ல ரத்தம் உம்ம உடம்புக்கு வரலியே. உமக்கு வரவேண்டிய மருந்துதான் அவருக்குப் போகப் பாத்துது," என்றார் நேசையா.

பிரம்மநாயகி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனையே பார்த்தாள். குருபிரசாத் கோபப்படவில்லை. எழுந்து போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"செத்திருவேன்னு பயந்தியாலே?" தாணுமாலையன் தலை நிமிராமல் கேட்டார்.

"ஆமாண்ணே. இத்தன நாளா தூக்கமே இல்ல."

தாணுமாலையன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு இப்பதாம்லே பயமா இருக்கு," என்று சொல்லி, ரத்தம் எடுக்க டாக்டரிடம் கையை நீட்டினார்.