திரை ஓரத்தில் ஒரு விரல் அகலம்

கையை எடுத்த பிறகும் அந்த வட்டம் நிறைந்துகொண்டே போனது.

லியனார்ட் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான். விளையாட்டின் முதல் பக்கம்தான் அது. மானிட்டர் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னக் கேமரா எதிரே நிற்பவரைப் படம் பிடிக்கும். அவர் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரையில் தெரிவார். திரையிலுள்ள வட்டத்தின் மேல் கையை ஆட்டினால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாகி நிறையும். நிறைந்ததும் ஆட்டம் தொடங்கும். பட்டன் கிடையாது, கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. ஆட்டுவதற்கு ஒரு கை வேண்டும், அவ்வளவுதான். லியனார்டின் இரண்டு கைகளும் இடுப்பில் இருந்தன. இடது மூலையில் ‘டூ பிளேயர்ஸ்’ என்று எழுதிய வட்டம் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, அவசரமே இல்லாமல் நிறைந்துகொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினான்.

காலை பதினொரு மணி. பதினோராவது மாடி ஜன்னல் திறந்திருந்தது. கீழே சாலையில் கண்டெய்னர் லோரிகள் பிரேக் பிடிக்கும்போது எழும் நீண்ட பெருமூச்சும், துறைமுகப் பக்கம் இரும்புப் பெட்டிமேல் இரும்புப் பெட்டி இறங்கும் சத்தமும், பக்கத்து வீட்டில் பெலாச்சான் இறால் விழுது வறுக்கும் நெடியும் ஒன்றாக உள்ளே வந்தன. பயப்படுவதற்கான நேரமும் இல்லை, இடமும் இல்லை. இருந்தும் பயந்தான். பயந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இரண்டு மணிக்கு மகள் வருகிறாள். கிறிஸ்டினுக்கு எட்டு வயது. இவனை விட்டுப் பிரிந்துபோன மனைவி எவலினோடு பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறாள். இத்தனை நாளும் அவளைப் பார்ப்பதென்றால் எவலினின் அக்கா வீட்டு ஹாலில்தான். எவலின் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்றுதான் முதல்முறையாக, நாலு மணி நேரம், அவனும் மகளும் மட்டும், அவன் வீட்டில். இது ஒழுங்காக நடந்தால் மாதம் இரண்டு நாள் தங்க விடலாமா என்று வக்கீல்கள் பேசுவார்கள். நடக்காவிட்டால் பேச்சே இருக்காது. வீட்டில் டிவிகூட இல்லை, இந்தக் கம்ப்யூட்டர் மானிட்டர்தான். பிள்ளைக்கு ஆடுவதென்றால் உயிர் என்பதால்தான் அலமாரி மேலிருந்த பழைய கேம் மெஷினையும் கேமராவையும் தூசி தட்டி இறக்கினான்.

கல்யாணமான புதிதில் பிரிக்பீல்ட்ஸ் வாடகை வீட்டில், முதுகு துருத்திய பழைய குண்டு டிவியில் அவனும் எவலினும் இதைத்தான் விளையாடுவார்கள். அப்போதும் சில நாள் வட்டங்கள் தானாக நிறையும். இவன் சிரிப்பான். எவலின் சிரிக்கமாட்டாள். விளையாடும்போது யாரோ தன் முழங்கையைப் பிடிக்கிறார்கள் என்பாள், ஜில்லென்று இருக்கிறது என்பாள், இந்த வீட்டில் நாம் ரெண்டு பேர் இல்லை, மூன்று பேர் விளையாடுகிறோம் என்பாள். ஒரு கிறிஸ்மஸ் விருந்தில் அதை நண்பர்களிடம் நடித்துக் காட்டி, அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக் கூட்டத்தையே சிரிக்க வைத்தான் லியனார்ட். அவள் அதை மன்னிக்கவே இல்லை. அவள் மன்னிக்காததை இவனும் மன்னிக்கவில்லை.

பிளக்கை மறுபடி செருகினான்.

பழைய மெஷினின் வயரில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனைகள். மானிட்டரில் அவற்றைச் செருக இடமே கிடையாது. கிள்ளானில் பழைய சாமான் ரிப்பேர் கடை வைத்திருக்கும் திருச்செல்வம் தீப்பெட்டி அளவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டியைக் கொடுத்திருந்தார். வயர் அந்தப் பெட்டிக்குள் போகும், பெட்டியிலிருந்து மானிட்டருக்கு வேறு வயர் போகும். மலிவான பெட்டி. படத்தை மாற்றி அனுப்ப அரை நொடி எடுத்துக்கொண்டது. இவன் தலையை ஆட்டினால், திரையிலிருக்கும் லியனார்ட் யோசித்துவிட்டு ஆட்டுவதுபோலப் பின்னால் ஆட்டினான்.

இம்முறை நடுவில் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்தான்.

படத்தின் இடது ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, நிறம் வெளிறிய பட்டை ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடியது. அதில் அவன் வீட்டுச் சுவர் தெரிந்தது. சுவரை ஒட்டி, சாம்பல் நிறத்தில், ஒரு தோளும் காதும் தொங்கும் ஒரு கையும் தெரிந்தன. மற்றதெல்லாம் படத்துக்கு வெளியே. உயரம் சின்னப் பிள்ளையின் உயரம். தொங்கிய கை மட்டும் முழங்காலுக்குக் கீழே வந்தது. பெரிய ஆளின் கை.

திரும்பி இடப்பக்கம் பார்த்தான். வெறும் சுவர். போன வாரம் அவனே அடித்த மஞ்சள் பெயிண்ட்.

திருச்செல்வத்துக்குப் போன் போட்டான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, படத்தின் ஓரத்தில் என்னவோ அழுக்குபோலத் தெரிகிறது, பெட்டி கோளாறா என்று கேட்டான். அவர் சிரித்தார்.

“பெட்டி நல்லாதான் இருக்கு பாஸ். குண்டு டிவி நாலு ஓரத்தையும் கொஞ்சம் முழுங்கிடும், அதனால நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. மானிட்டர் முழுங்காது, முழுசா காட்டிடும். புதுசா ஒண்ணும் வரல. முன்னாடியே இருந்ததுதான் இப்ப தெரியுது.”

பிறகு, கண்ணை உறுத்தினால் மானிட்டரில் ஸூம் வைத்துவிடுங்கள், ஓரம் வெளியே போய் மறைந்துவிடும் என்றார்.

போனை வைத்துவிட்டு இடது கையைத் தூக்கினான். ஓரத்திலிருந்த நீளக் கை அந்த நொடியே எழுந்தது. அதற்கு அரை நொடி கழித்துத்தான் திரையிலிருந்த லியனார்டின் கை எழுந்தது. பெட்டி வழியாக வரும் எதுவும் தாமதமாகத்தான் வர வேண்டும். அது மட்டும் தாமதமில்லாமல் வந்தது.

அந்த இடத்தில் எல்லாவற்றையும் கழற்றித் தூக்கிப் போட்டிருக்கலாம். எவலினுக்குப் போன் செய்து, இன்று வேண்டாம், நீ அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் அவனுக்கு மனம் வரவில்லை. எட்டு வருடமாக அவளைப் பைத்தியக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு இப்போது எந்த வாயால் சொல்வது? மானிட்டரின் அடியிலிருந்த பட்டனை நாலு முறை அழுத்தினான். ஸூம். படம் பெரிதாகி ஓரம் மறைந்தது. மஞ்சள் சுவர், நடுவில் அவன். சுத்தமான படம்.

சரியாக இரண்டு மணிக்கு எவலின் வந்தாள். உள்ளே வரச் சொன்னான், வரவில்லை. கிறிஸ்டின் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து இவனைக் கட்டிக்கொண்டாள். எவலினின் கண் அவன் தோளைத் தாண்டி மேசைமேல் கிடந்த வயர்களில் நின்றது. மானிட்டரும் கேமராவும் வாசலிலிருந்து தெரியாது.

“அந்த கேமராவ இன்னும் வச்சிருக்கீங்களா?”

“எப்பவோ வித்தாச்சு லா.”

“ஆறு மணிக்கு வரேன். ஒரு நிமிஷம் லேட்டா இருந்தாலும் வக்கீல்கிட்ட சொல்லுவேன்,” என்றாள். லிஃப்ட் கதவு மூடும்வரை இவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முதல் இரண்டு மணி நேரம் அவன் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்று சொல்ல வேண்டும். மேலிருந்து விழும் பந்துகளைத் தட்டித் தட்டி கிறிஸ்டின் ஆடினாள். ரெட்டைப் பின்னல் பறந்தது. படம் தாமதமாக வருவதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. திரையிலிருக்கும் கிறிஸ்டினுக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லிச் சிரித்தாள். லியனார்டும் சிரித்தான். காலையில் பார்த்தது வெறும் அழுக்கு என்று பாதி நம்பிவிட்டான்.

நாலரைக்கு மழை பிடித்தது. கடல் பக்கமிருந்து கருத்து வந்து, சாலை, லோரிகள், கிரேன்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு ஜன்னலை அறைந்தது. வீடு சட்டென்று இருண்டது. வெளிச்சம் போதாதபோது கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு சிமிட்டும். அது சிமிட்ட ஆரம்பித்தது. லியனார்ட் டியூப் லைட்டைப் போட்டான். சிமிட்டல் நிற்கவில்லை. வீட்டுக்குள் காயாத துணியின் வாடை வந்தது. கொடியில் துணி எதுவும் இல்லை.

மைலோ கலக்க அடுப்படிக்குப் போனான். தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்கு மேலே பிள்ளையின் குரல் கேட்டது. சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, யாரோ கேட்பதற்குப் பதில் சொல்வதுபோலப் பேசிக்கொண்டிருந்தாள்.

கையில் கப்போடு வந்து நின்றான்.

திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு எண்கள். முதல் ஆளுக்கு நாற்பது. இரண்டாவது ஆளுக்கு முந்நூற்றுப் பத்து. அது ஏறிக்கொண்டிருந்தது. கிறிஸ்டின் ஆடவில்லை. நின்ற இடத்தில் நின்றிருந்தாள். இடது கை உடம்பிலிருந்து விலகி, பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் மடங்கியிருந்தன. எதையோ பிடித்திருக்கும் கை.

“யார்கூடமா பேசுற?”

“இவங்ககூடதான் டேடி. கை ரொம்ப ஜில்லுன்னு இருக்கு. மம்மிய தெரியுமாம்.”

கப் விழுந்தது. அது உடைந்த சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. மானிட்டரின் அடியில் விரல் பட்டனைத் தேடியது. ஒன்று. இரண்டு. தவறான பக்கம். மறுபடி. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

படம் சுருங்கியது. ஓரம் வந்தது.

அது அங்கேதான் இருந்தது. நீளக் கை மட்டும் பட்டையிலிருந்து வெளியே வந்து கிறிஸ்டினின் விரல்களைப் பிடித்திருந்தது. இழுக்கவில்லை. பிள்ளைதான் தானாக அதன் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

லியனார்ட் பாய்ந்தான். இடுப்பில் கைபோட்டு வாரித் தூக்கினான். நெஞ்சோடு அணைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிடித்துவிட்டேன். என் பிள்ளை என்னிடம்தான் இருக்கிறாள். பின்னல் அவன் கன்னத்தில் உரசியது. அவளுடைய பவுடர் வாசனை. அவளுடைய கனம்.

“டேடி,” என்றாள் அவள், அவன் காதருகே.

அவள் உடம்பு ஜில்லென்று இருந்தது.

கண்ணைத் திறந்தான். அவள் தோளுக்கு மேலே திரை தெரிந்தது. படம் இப்போது அரை நொடியைவிட மிகவும் பின்தங்கி வந்தது. திரையிலிருந்த லியனார்ட் அப்போதுதான் பாய்ந்தான். அப்போதுதான் குனிந்தான். அப்போதுதான் வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்தான்.

அவன் அணைத்திருந்தது சாம்பல் நிறமாக இருந்தது. நீளக் கை ஒன்று அவன் கழுத்தை முழுசாகச் சுற்றி மறுபக்கம் வந்திருந்தது.

இடது ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்குள், ஒரு பின்னல். ஒரு காது. கிறிஸ்டின் போட்டிருந்த சிவப்புச் சட்டையின் ஒரு கை.

“கிறிஸ்,” என்றான்.

ஓரத்திலிருந்த பிள்ளை அந்த நொடியே திரும்பினாள். தாமதமில்லாமல். கொஞ்சம் கழித்து, அவன் நெஞ்சிலிருந்ததும் திரையில் முகத்தைத் திருப்பியது.

குனிந்து பார்த்தான். கையில் கிறிஸ்டின். ரெட்டைப் பின்னல், சிவப்புச் சட்டை, முன்பல் விழுந்த சிரிப்பு. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. திரையில் மட்டும்தான் குறை. திரையில் மட்டும்தான் அவன் பிள்ளை.

வெளியே இடி விழுந்தது. டியூப் லைட் ஒருமுறை அணைந்து எரிந்தது. மானிட்டர் நடுங்கி நின்றது. கரண்ட் போகக்கூடாது. கடவுளே, கரண்ட் மட்டும் போகக்கூடாது.

கதவு தட்டப்பட்டது. மழைக்குப் பயந்து எவலின் சீக்கிரமே வந்துவிட்டாள்.

“கிறிஸ்டின்? அம்மா வந்துட்டேன், கதவ திற.”

அவன் கையிலிருந்தது கீழே இறங்கியது. பின்னலைச் சரிசெய்துகொண்டது. கிறிஸ்டினின் குரலில், “வரேன் மம்மி,” என்று சொல்லிக் கதவை நோக்கி ஓடியது.

திரையின் ஓரத்தில் பிள்ளையின் வாய் அகலத் திறந்து மூடியது. சத்தம் இல்லை. ஒரு சின்னக் கை மட்டும் மேலே எழுந்து, மூலையிலிருந்த ‘எக்ஸிட்’ வட்டத்தின் மேல் ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. வட்டம் நிறையவில்லை.