முப்பத்தொன்றரை டிகிரியில் ஒரு கொலை முயற்சி

"கொலை...! கொலை...!"

காலை ஏழு மணி. கொரட்டூர் ஏரிக்கரைத் தெருவே அலறலில் எழுந்து உட்கார்ந்தது.

ஏழே காலுக்கு ஏட்டு கோவிந்தராஜ் நனைந்த மழைக்கோட்டோடு மாடியேறினார். பிணத்தைத் தேடினார்.

பிணம் இல்லை!

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. அதன் முன்னால், தலையில் கைவைத்தபடி வீட்டுக்காரர் ஹேமநாதன்.

"பாடி எங்க சார்?"

"உள்ளே... ஏழு பேர்!"

ஃப்ரிட்ஜுக்குள் ஏழு பேரா...? கோவிந்தராஜ் கதவைத் திறந்தார்.

ஏழு வெள்ளை முட்டைகள்.

"இன்னா சார் இது... ஆம்லேட்டுக்கா போலீசு?"

"மலைப்பாம்பு முட்டை! ஆப்பிரிக்க இனம்! முறைப்படி பதிவு பண்ணி வளர்க்கறேன்!"

ஒரே தாவல். கோவிந்தராஜ் வாசற்படியில் நின்றார். விசாரணையை அங்கிருந்தே தொடர்ந்தார்.

"இன்னாதான் நடந்துச்சி?"

ஹேமநாதன் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாத குறைதான்.

"பழைய ஃப்ரிட்ஜை அடைகாக்கற பெட்டியா மாத்தியிருக்கேன். உள்ளே ஹீட்டர் இருக்கு. சூடு எப்பவும் முப்பத்தொண்ணரை டிகிரி இருக்கணும். ஏறினா முட்டை வெந்துடும். இறங்கினா குஞ்சு செத்துடும். இன்னும் பத்தே நாள்ல பொரியணும்! மூணு நாள் பெங்களூர்ல இருந்தேன்... வெப்ப மேலாண்மை பத்திச் சிறப்புரை! வந்து பாத்தா, எவனோ செட்டிங்கை இருபத்தாறுக்கு இறக்கியிருக்கான்!"

"யார் மேலயாச்சும் சந்தேகம் கீதா?"

"என் வளர்ச்சி பொறுக்காதவங்க நாடு முழுக்க இருக்காங்க."

நாடு முழுக்க என்றால், அவருடைய பாம்பு சேனலைப் பார்க்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

கோவிந்தராஜ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தார். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் காய்ந்த வெள்ளைக் கறை! விரலால் தொட்டார். நாக்கில் வைத்தார்.

ஹேமநாதன் பதறினார். "வி... விஷமா?"

"உளுந்து சார். நல்லா புளிச்சிகீது."

"நான்தான் ஏட்டய்யா!"

வாசலில் ஹேமநாதனின் மனைவி ராதிகா!

"இந்த மழையில இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. இவர் ஊருக்குப் போனதும், சூடா இருக்கேன்னு இதோட கீழ்த்தட்டுல வெச்சேன்."

"துரோகி! இட்லிக்காக என் டிகிரியைக் குறைச்சியா?"

"கொஞ்சம் வாயை மூடறீங்களா? நாலே மணி நேரத்துல மாவு வழிஞ்சு, புளிச்சு நாறிப்போச்சு! கையை விட்டா சுடுது. மீன்தொட்டித் தெர்மாமீட்டரை உள்ளே வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாத்தேன். வெளிய செட்டிங்கை இருபத்தாறுல வெச்சாத்தான் உள்ள முப்பத்தொண்ணரை நிக்குது!"

"அதெப்படி...?"

கோவிந்தராஜ் ஃப்ரிட்ஜின் பின்னால் எட்டிப்பார்த்தார். மெல்லிய ஒயர் ஒன்று, திறந்த ஜன்னலோரம் சாரலில் ஆடிக்கொண்டிருந்தது.

"சூடு பாக்குற ஒயரு இதானே சார்? உள்ள இருக்க வேண்டியது, வெளிய தொங்கிகினு 'குளுருது குளுருது'ன்னு சொல்லிகினு கீது. ஹீட்டரும் நிக்காம எரிஞ்சிகினே இருந்துகீது. ஃப்ரிட்ஜை நவுத்துனப்போ புடுங்கிகினு வந்துகீது. நவுத்துனது யாரு?"

"சாட்சாத் இவரேதான்!" என்றாள் ராதிகா. "ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு வீடியோ எடுத்தார். முகத்துல வெளிச்சம் விழலைன்னு ஜன்னல் பக்கமா இழுத்தார்!"

ஹேமநாதனின் முகத்தில் இப்போதும் வெளிச்சம் இல்லை.

டார்ச்சை எடுத்தார். முதல் முட்டையோடு ஒட்டிப் பிடித்தார்.

ஓட்டுக்குள் வெளிச்சம் பரவியது.

உள்ளே ஏதோ நெளிந்தது!

இரண்டாவது... மூன்றாவது... ஏழும் நெளிந்தன!

"ராதிகா... எல்லாம் உயிரோட இருக்கு! நீ மட்டும் குறைக்கலைன்னா..."

"வெந்திருக்கும்," என்றாள் ராதிகா.

ஹேமநாதன் மெல்லத் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"ஏட்டு சார்... இந்தக் கேஸை விட்டுடலாமா?"

"அதெப்படி சார்? கொலைன்னு தெருவே கேக்கக் கத்துனது நீங்க. பண்ணப் பாத்ததும் நீங்க!" கோவிந்தராஜ் மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பாம்பு முட்டைகளை ஒருதரம் பார்த்தார். வேகமாகப் படியிறங்கினார்.

"எனக்கு ஜோலி கீது. உங்களை நீங்களே புடிச்சி ஸ்டேஷனுக்கு இட்டாந்துருங்க!"