வேட்பாளரைக் காணவில்லை... ஓட்டுப் போடுங்கள்!

டெலிபோன் அலறியது.

ஒலிபரப்பு அறைக்குள் காபிக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோன வெண்டல் க்ரான், இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினார்.

"காலை வணக்கம்! பிரைமரி நாள் ஸ்பெஷல்! பேசறது யாரு?"

மறுமுனையில் துணியை வைத்து அமுக்கிய குரல்.

"லூன் ஏரி... படகுத்துறை... ஹார்லன் டுகேனோட ட்ரக் நிக்குது. கதவு திறந்து கிடக்கு. சீட்டெல்லாம் ரத்தம்..."

"எ... என்னது?!"

க்ளிக்!

காபி, வெண்டலின் பேன்ட்டில் கொட்டியது. அவர் போட்ட அலறலையும் சேர்த்து வடக்கு விஸ்கான்சின் முழுக்க நேரடியாகக் கேட்டது.

ஹார்லன் டுகேன் மாட்டுச் சந்தை ஏலக்காரர். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு இரண்டு வருஷ சீட்டுக்காக, குடியரசுக் கட்சியின் பிரைமரியில், அதாவது உட்கட்சித் தேர்தலில், நிற்கிறார். அவரை எதிர்த்து நிற்பவர் அதே கட்சியின் வக்கீல் ப்ரெஸ்காட் வேல். இன்று ஜெயிப்பவர்தான் கட்சியின் வேட்பாளர். நவம்பரில் நடக்கப் போகும் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. அந்தத் தொகுதியின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஜன்னலோர சீட்டு மிச்சமும் இருக்கும்!

வெண்டல் சுத்தமான கட்சி விசுவாசி. ஆனால் ஹார்லன் என்றால் ஆகாது.

"வரியைக் குறைப்பீங்களான்னு கேட்டா, மனுஷன் பேசற வேகத்துல நம்மகிட்ட ஒரு கன்னுக்குட்டியை வித்துட்டுப் போயிடறார்!" என்று ரேடியோவில் கிண்டலடிப்பார்.

நேற்று ஒரு படி மேலே போயிருந்தார்.

"ஓட்டு எண்ணி முடியற வரைக்கும் இவரை யாராவது ஒரு கொட்டகையில போட்டுப் பூட்டுங்கப்பா! கட்சி பொழைச்சுக்கும்!"

தயாரிப்பாளர் கொரின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சார்... நேத்து நீங்க பேசினது ஞாபகம் இருக்கா?"

"எது?"

"கொட்டகை."

வெண்டல் பேன்ட்டைத் துடைப்பதை நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் ஷெரீப் லெஸ்டர் ப்ரூகெட் உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்தில் வெண்டலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அந்த நட்பு இப்போது முகத்தில் இல்லை.

"ட்ரக் இருக்கு. ரத்தம் இருக்கு. ஹார்லன் இல்ல. விடியக்காலையில எங்கடா இருந்தே?"

"வீட்ல தூங்கிட்டிருந்தேன்."

"சாட்சி?"

"என் பூனை."

"கோர்ட்ல அது வாயைத் திறக்குமா?"

"லெஸ்டர்! விளையாடாதே! நான் வாயால மட்டும்தான் கொலை பண்றவன். அது ஊருக்கே தெரியும்."

"ஊருக்கே தெரிஞ்சதுதான் இப்ப பிரச்னை. உன் பேச்சைக் கேட்டு எவனாவது கிறுக்கன் நிஜமாவே பூட்டி வச்சிருந்தா? அவன் இப்பவும் உன் ரேடியோவைத்தான் கேட்டுக்கிட்டிருப்பான். மைக்கைப் பிடி. ஹார்லனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லு. மனசு மாறட்டும்."

"நல்லதாவா? ஹார்லனைப் பத்தியா? என்னன்னு சொல்ல?"

"யோசி. உன் கழுத்துக்கு வந்திருக்கு."

வெண்டல் மைக் முன்னால் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஹார்லன்... வந்து... நல்ல தொப்பி போடுவார்..."

ஷெரீப் முறைத்தார்.

"அப்புறம்... அவர்..."

சட்டென்று ஏதோ நினைவுக்கு வந்தது. வெண்டலின் குரல் இறங்கியது.

"ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. எங்க அண்ணன் பண்ணை எரிஞ்சுபோன வருஷம். ஊர்ச் சாப்பாட்டுக் கூடத்துல ஏலம் வச்சாங்க. விக்கறதுக்கு இருந்தது ஒரே ஒரு செர்ரி பை, அதான், பழம் வச்சுச் சுடுற பலகாரம். ஹார்லன் அதை ஏலம் விட்டார். வாங்கினவர் திருப்பிக் குடுத்தார். மறுபடி விட்டார். மறுபடி திரும்பி வந்துச்சு. பொழுதுக்கும் அந்த ஒரே பலகாரத்தை வித்துக்கிட்டே இருந்தார். தொண்டை கட்டி, கடைசியில காத்துதான் வந்துச்சு... அண்ணன் கொட்டகை திரும்ப எழும்பிச்சு. இதை நான் இவ்வளவு நாளும் ஒரு தடவைகூட உங்ககிட்ட சொன்னதில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. கொரின்கூட மூக்கை உறிஞ்சினாள்.

அவ்வளவுதான்!

டெலிபோன் ஓயவில்லை.

"நான் வேலுக்குத்தான் போடறதா இருந்தேன். இப்ப ஹார்லனுக்குப் போட்டுட்டு வந்தேன்..."

"எங்க அம்மாவைச் சக்கர நாற்காலியோட தூக்கிட்டுப் போறோம்..."

"பாவம், உயிரோட இருக்காரோ இல்லையோ, ஒரு ஓட்டாவது போடுவோம்..."

அடுத்த அழைப்பு வக்கீல் வேல். நல்லவேளை, அது ஒலிபரப்பில் போகவில்லை.

"யோவ் வெண்டல்! என்னய்யா பண்றீங்க? நீங்க என் பக்கம்தானே?"

"சார், நான் இப்ப யார் பக்கமும் இல்ல. கம்பிக்கு வெளிப்பக்கம் இருக்கணும். அதுக்குத்தான் பாடுபடறேன்!"

மதியத்துக்கு மேல் ஒரு அழுகுரல்.

"நான்... பெர்னடின் பேசறேன். ஹார்லனோட சம்சாரம்..."

கேட்டுக்கொண்டிருந்த தொகுதியே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"சொல்லுங்கம்மா... தைரியமா இருங்க..."

"எங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரோ... சாப்பிட்டாரோ இல்லையோ..."

விசும்பல்.

அந்த விசும்பலுக்குப் பின்னால்...

வெண்டல் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எங்கோ தூரத்தில், மூச்சே விடாமல் தடதடவென்று ஓடும் ஒரு குரல்!

'ஒருதரம்... ரெண்டுதரம்... யாருப்பா அங்க, இன்னும் கூட்டு...'

அந்த வேகத்தில் பேச இந்த மாநிலத்திலேயே ஒரே ஒரு வாய்தான் உண்டு!

"கொரின்! பாட்டைப் போடு! லெஸ்டர்... வண்டியை எடு!"

ஜீப் பறந்தது.

"லேப்ல இருந்து போன் வந்துச்சு," என்றார் ஷெரீப், திருப்பத்தில் சக்கரம் கிறீச்சிட. "சீட்டுல இருந்தது மீன் ரத்தம்."

"அடப்பாவி!"

பெர்னடின் வீட்டுக்குப் பின்னால், பிர்ச் மரங்களுக்கு நடுவில் ஒரு சானா. அவள் அப்பா மரத்தால் கட்டிய நீராவிக் குளியல் அறை. கதவுக்குக் குறுக்கே தடியான கட்டை.

உள்ளேயிருந்து...

"மர வாளி ஒண்ணு! ஓட்டை இல்லாத வாளி! யாரு கேக்கறது? ஒருதரம்..."

ஷெரீப் கட்டையை உருவினார்.

ஹார்லன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், யாரோ முன்னாலேயே வைத்திருந்த பாலாடைக்கட்டி, பன், பொரித்த மீன், எலுமிச்சைச் சாறு. கடத்தப்பட்டவர் கொஞ்சம் சதை போட்டிருந்த மாதிரிகூடத் தெரிந்தது.

வெண்டலைப் பார்த்ததும் பாய்ந்து சட்டையைப் பிடித்தார்.

"நீதானேடா! ரேடியோவுல சொன்ன மாதிரியே, குளிக்க வந்தவனை வெளியில கட்டை போட்டுப் பூட்டிட்டியேடா!"

"அவரை விடுங்க."

பின்னால் பெர்னடின். கையில் இன்னொரு தட்டு மீன்.

"பூட்டினது நான்தான்."

மூன்று ஆண்களும் ஒருசேரத் திரும்பினார்கள்.

"அவர் கொட்டகைன்னுதான் சொன்னார். எனக்கு மனசு வரல, சானாவுல வச்சேன்."

"பெர்னடின்!" ஷெரீப் தொப்பியைக் கழற்றினார். "ரேடியோவுக்குப் போன் போட்டுப் பொய்த் தகவல் பரப்பறது குத்தம், தெரியுமா?"

"நான் என்ன பொய் சொன்னேன்? ட்ரக் நிக்குதுன்னேன். நின்னுச்சு. ரத்தம்னேன். இருந்துச்சு. யார் ரத்தம்னு நீங்க யாரும் கேக்கலையே!"

வெண்டல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புருஷன் தோக்கணும்னு இப்படியும் ஒரு பொம்பளை செய்வாளா?"

"தோக்கறதா?!" பெர்னடின் சீறினாள். "ஜெயிக்கணும்னுதான் பூட்டினேன்! இவர் வாயைத் திறக்கற இடத்துல எல்லாம் ஓட்டு ஓடுது. இன்னிக்கு உங்க ரேடியோவுல கடைசிப் பேட்டின்னு கிளம்பினார். விட்டிருந்தா மிச்ச ஓட்டும் போயிருக்கும்!"

"ஏன்... நான் ஜெயிக்கணும்னு உனக்கு அவ்வளவு ஆசையா?" ஹார்லனின் குரல் நெகிழ்ந்தது.

"ஆசையா? வெறி! காலையில உப்பை எடுங்கன்னா, அதையும் ஏலம் விடறீங்க. தூக்கத்துல என்னையே ரெண்டு தடவை வித்திருக்கீங்க! ஜெயிச்சா நீங்க வாஷிங்டன்ல. நான் இங்க. ஏரி... காத்து... அமைதி!"

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஹார்லன் பேச்சிழந்து நின்றார்.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வெண்டல்... ஓட்டு எப்படிடா விழுது?"

"கொட்டுது. உனக்கு."

ஜீப்பிலிருந்த ரேடியோவில் கொரினின் குரல் வெண்டலைத் தேடிக்கொண்டிருந்தது. ஒலிபரப்பில் பேச வெண்டலின் கைபேசி ஒன்று போதும். ஹார்லனின் வாய்க்கு நேராக நீட்டினால் ஐந்து நிமிஷத்தில் வக்கீல் வேல் ஜெயித்துவிடுவார். இத்தனை மாதமாக வெண்டல் ரேடியோவில் கத்திக் கத்திக் கேட்டது அதைத்தானே!

வெண்டல் கைபேசியை எடுத்தார். ஹார்லனைப் பார்த்தார். செர்ரி பை விற்ற அந்தத் தொண்டையைப் பார்த்தார்.

கைபேசியைத் தன் வாய்க்கே கொண்டுபோனார்.

"நேயர்களே... ஹார்லன் டுகேன் வீட்லயே இருந்திருக்கார். நல்லா இருக்கார். உடம்புல ஒரு கீறல் இல்ல. இது குடும்ப விவகாரம். இதுக்கு மேல கேக்காதீங்க. ஓட்டுச்சாவடி இன்னும் திறந்திருக்கு. எனக்கு ஹார்லனோட கருத்து எதுவும் பிடிக்காது. ஆனா நான் இப்ப போய் அவருக்குத்தான் போடப் போறேன். உங்க இஷ்டம்!"

ஹார்லன் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

பெர்னடின் ஒரு பெரிய மீன் துண்டை அதில் திணித்தாள்.

பொழுது சாய்ந்து, ஏரிக்கரை உணவு விடுதியில் பிராந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது முடிவு வந்தது. ஹார்லன் டுகேன் அமோக வெற்றி! மேடையில் அவர் ஆற்றிய நன்றியுரை யாருக்கும் புரியவில்லை. கைதட்டல் மட்டும் அடங்கவில்லை. பெர்னடின் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விட பலமாகத் தட்டினாள்.

வெண்டல் ஷெரீப்பின் பக்கம் சாய்ந்தார்.

"ஆள்கடத்தல், அடைச்சு வச்சது... இதுக்கெல்லாம் கேஸ் கிடையாதா லெஸ்டர்?"

"புருஷன் புகார் குடுக்க மாட்டேங்கறான். அதுக்காகத் தண்டனை இல்லாம போயிடுமா என்ன?"

"யாருக்கு?"

ஷெரீப் கிளாஸைக் காலி செய்துவிட்டு எழுந்தார்.

"வாஷிங்டனுக்குடா! ரெண்டு வருஷம்... ஜாமீனே கிடையாது!"