ஊசிப் பந்தி

சீலா மீன் வாங்கியாயிற்று. தேங்காய் அரைத்தாயிற்று. கீழ்வீட்டு நாற்காலிகள்கூட மாடியேறிவிட்டன. காய்ச்சல்தான் வரவில்லை.

ஜெசிந்தா காலையிலிருந்து தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி ஜில்லென்று இருந்தது. பாழாய்ப்போன உடம்பு சமயம் பார்த்துக் காலை வாரிவிட்டதே! ஒட்டூசி போட்டால் ஒரு முழு நாள் காய்ச்சலும் கைகால் குடைச்சலும் வந்தாக வேண்டும். வந்தால்தான் ஊசி பிடித்தது என்று அர்த்தம்.

ஒட்டூசி வந்த பிறகு தூத்துக்குடியில் உலர்சுரம் என்ற பேச்சே இல்லை. அதற்கு முன் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது வளர்ந்த ஆட்களாகப் பார்த்து வாரிக்கொண்டு போகும். பிள்ளைகளுக்கு ஊசி என்றால் விடிவதற்குள் வரிசையில் நிற்கும் பெற்றோர், தங்களுக்கு என்றதும் 'நமக்கெதுக்கு' என்று நழுவிவிடுவார்கள். விஞ்ஞானிகள் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் தொற்றிக்கொள்ளும் தடுப்பூசி ஒன்றைச் செய்துவிட்டார்கள். கட்டடத்துக்கு ஒருவர் போட்டுக்கொண்டால் போதும். பத்துப் பதினைந்து நாள் அவர் மூச்சில் மருந்து பரவும். பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சிரித்து ஒரு வேளை சாப்பிட்டால், காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் ஒரு வருடத்துக்கான காப்பு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டி வாங்கியவரிடமிருந்து மேற்கொண்டு பரவாது, அவ்வளவுதான்.

அந்த 'ஒருவர்' யார் என்பதில்தான் தெருவுக்குத் தெரு சண்டை. மனிதப் புத்தி வேறெப்படி இருக்கும்? காய்ச்சல் போதாதென்று, ஊசி போட்டவர் வீட்டிலேயே பந்தி என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டது. கடலோரக் குடியிருப்பின் மூன்றாம் கட்டடத்தில் மட்டும் சண்டை இல்லை. ஜெசிந்தா வருடா வருடம் கையை நீட்டிவிடுவாள். துறைமுகத்தில் அவளுக்குத் தூக்குப்பொறி ஓட்டுகிற வேலை. பகலெல்லாம் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் தனியாக இருப்பாள். வீட்டிலும் தனிதான். பந்தியன்று மட்டும் அவள் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. அதற்காக ஒரு நாள் என்ன, ஒரு வாரமே காய்ச்சலில் கிடக்கலாம் என்று நினைப்பாள்.

இன்று அந்தக் காய்ச்சலே இல்லை. சொன்னால் பந்தி வேறு வீட்டுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் சுடலைமுத்து அண்ணாச்சி என்ன ஆவார்? முதல் மாடிக்காரர், இதயம் பலவீனமானவர். ஊசியின் காய்ச்சலைக்கூட அவர் உடம்பு தாங்காது. உலர்சுரம் வந்தால் பிழைக்கவே மாட்டார். அவருக்கிருந்த ஒரே வழி, ஜெசிந்தாவின் பக்கத்து நாற்காலி.

எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"சாப்பிடுததுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். எனக்குக் காய்ச்சல் வரல. ஊசி பிடிக்கல போல. அண்ணாச்சி, என்னை நம்பி உக்காந்திராதீய. வேற யாராவது போட்டுக்கிடுங்க."

எல்லாரும் இலையையே பார்த்தார்கள். யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்கிறார்கள் என நினைத்தாள் ஜெசிந்தா.

பந்தியைச் சரிபார்க்க வந்திருந்த செவிலி ஷகிலா பானு பையிலிருந்து மூச்சுமானியை எடுத்தாள். மூச்சில் ஒட்டூசி மருந்து இருந்தால் மணியடிக்கும் கருவி அது.

"இருங்கக்கா, பாத்துருவோம்."

ஜெசிந்தா ஊதினாள். மணியடிக்கவில்லை. மறுபடி ஊதினாள். சத்தமே இல்லை. அவள் கண் நிறைந்துவிட்டது.

ஷகிலா கருவியோடு திரும்பியதுதான் தாமதம், கணகணவென்று மணியடித்தது. எதிரில் எதிர்வீட்டு மாரிச்செல்வம் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க! போன வாரம் வயித்துவலின்னு போத்திட்டுப் படுத்தது இதுக்குத்தானா?" என்று அவன் மனைவி இசக்கியம்மாள் பாய்ந்தாள். கருவி அவள் பக்கம் போனது. அவளுக்கும் அடித்தது.

"ஓஹோ! அப்ப உன் தலைவலி?"

ஷகிலா வரிசையாக நடந்தாள். ஒவ்வொரு இலைக்கும் மணியடித்தது. அண்ணாச்சியைத் தவிர அத்தனை பேரும் திருட்டுத்தனமாக ஊசி போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்படிக்கா காய்ச்சல் வரும்?" என்று ஷகிலா வயிறு குலுங்கச் சிரித்தாள். "லிஃப்ட்லயும் படியிலயும் இவங்க மூச்சு உங்களுக்கு முன்னமே ஒட்டிருச்சு. காப்பு இருக்க உடம்புல ஊசி புதுசா என்ன செய்யும்?"

"எதுக்குலே இப்படிப் பண்ணுனிய?" என்றாள் ஜெசிந்தா.

மாரிச்செல்வம் தலையைச் சொறிந்தான். "உங்க ஒருத்திய நம்பி அண்ணாச்சிய விட முடியுமாக்கா? பிடிக்காம போச்சுன்னா? சொல்லலாம்னா, பந்தி எங்க வீட்டுக்கு வந்துரும். இவ வைக்க மீன் குழம்ப யாரு திங்க?"

இசக்கியம்மாள் அவன் தொடையில் கிள்ளினாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்தார். 'எனக்காகவா, இத்தனை பேருமா' என்று அவர் நெஞ்சு விம்மியது. துடைத்து முடித்ததும் அவர் முகம் மாறியது.

"இப்பதான் எனக்குப் பயமா இருக்கு. இனி அவன் போடுவான், இவன் போடுவான்னு அடுத்த வருசம் ஒருத்தரும் போட மாட்டிய."

சிரிப்பு நின்றது. அதைத்தான் ஒவ்வொருவரும் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாரிச்செல்வம் ஒரு நாள் லீவு மிச்சம் என்றே முடிவு கட்டியிருந்தான். மாட்டிக்கொண்டவன்போலத் தலை குனிந்தான்.

"நான் ஒண்ணும் பாக்கல. நீங்களும் பாக்கல. ஊசி போட்டது ஜெசிந்தா ஒருத்திதான். என்ன?" என்றார் அண்ணாச்சி.

"மூச்சுமானி ரிப்பேரு," என்று ஷகிலா அதைப் பைக்குள் போட்டுவிட்டு இலையில் உட்கார்ந்தாள். மீன் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

அடுத்த வருடமும் ஜெசிந்தா ஊசி போட்டுக்கொண்டாள். அந்த முறையும் காய்ச்சல் வரவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகினாள். மாரிச்செல்வம் மிளகு ரசத்தோடு வந்தான்.

"காய்ச்சல் ரொம்பவாக்கா?"

"ஆமாய்யா, கொதிக்கு."

தம்ளரை வாங்கும்போது அவன் விரல் பட்டது. நெருப்பாகச் சுட்டது.

"வெயில்ல வந்தேன், அதான்," என்றான்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துப் போய்யா, வெயில் அதிகம்," என்று ஜெசிந்தா கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் பலமாக முனகினாள்.