மூன்றாம் வளைவில் தளரும் டயர்

காரில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் பந்தயத் தடத்தின் மூன்றாம் வளைவில் மட்டும் பின்பக்கம் நழுவி அது வாலை ஆட்டியது.

கோகிலவாணி சூலூரில் பல் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்குப் பந்தயக்காரி. சக்கரக் கோணம், காற்றழுத்தம், பிரேக் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. மென்ரப்பர் டயர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும், கடினரப்பர் நேர்மாறு. இரண்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டும் அதே இடத்தில்தான் நழுவின.

"கார்ல ஒண்ணுமில்லீங்க. என் கைதான் போச்சு," என்றாள் கணவன் மயில்சாமியிடம். "அந்த விபத்துக்கப்புறம் எனக்குள்ள என்னமோ ஆயிருச்சு. நாளைக்கும் இப்படியே ஆச்சுன்னா காரை வித்துரலாம்."

"பல்லு புடுங்கறப்ப கை நடுங்கலியே?"

"பல்லு நூத்தியம்பது வேகத்துல ஓடறதில்லீங்க மாமா."

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை.

புதுப் பந்தய டயரை மாட்டியவுடன் விரட்டக் கூடாது. மெல்லச் சூடேற்றிப் பழக்க வேண்டும். முழுச் சூட்டில் ரப்பர் மூலக்கூறுகளின் வலுவற்ற பிணைப்புகள் அறுபடும். பிறகு ஒரு நாள் ஆறவிட்டால் அவை சீராக மறுபடி சேரும்.

நினைவு ரப்பர் வந்தபின் இதில் ஒரு புதுமை சேர்ந்தது. பழக்கியவர் ஓட்டிய விதத்தையே அச்சாகக் கொண்டு பிணைப்புகள் சேர்ந்தன. ஒவ்வொரு வளைவின் தார்ப்பரப்புக்கும் தனி அதிர்வு உண்டு. அதை உணர்ந்ததும், அங்கே வேகமாகப் பழகியிருந்தால் டயரின் பக்கச்சுவர் இறுகும், மெதுவாகப் பழகியிருந்தால் தளரும். பயில்டயர் என்று அதற்குப் பெயர்.

சனிக்கிழமைகளில் வாணிக்கு மருத்துவமனையில் கூட்டம் அதிகம். அதனால் பழக்குவது மயில்சாமியின் வேலை. மெல்லத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று வேகம் கூட்டி, கடைசியில் அவள் வேகத்தையே எட்டிவிடுவான்.

இந்தச் சனிக்கிழமை மனம் கேட்காமல் வாணியும் உடன் வந்து இடப்பக்கம் அமர்ந்தாள். முதல் சுற்று. ஒன்றாம் வளைவும் இரண்டாம் வளைவும் சுலபமாகக் கடந்து போயின. மூன்றாம் வளைவில் கார் சட்டென்று தயங்கியது. மயில்சாமியின் இடக்கை ஸ்டியரிங்கை விட்டு, அவள் மார்புக்குக் குறுக்கே வேலிபோல நீண்டது.

"ஏனுங்க, இங்க எதுக்கு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்க?"

"எடுத்தனா? இல்லியே."

"கையைப் பாருங்க."

அவன் பார்த்தான். அவசரமாகக் கையை இழுத்துக்கொண்டான். காரை ஓரங்கட்டினான்.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே வளைவில் அவள் கார் உருண்டபோது, அவன் பார்வையாளர் மாடத்தில் இருந்தான். அவளுக்குத் தோளில் ஒரு தையலோடு போயிற்று. அவனோ அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் வாராவாரம் நான்கு டயர்களிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்: இங்கே மெதுவாகப் போ.

டயர்கள் கேட்டுக்கொண்டன. அவள் வேகமாக வந்தபோதும், அவன் பழக்கிய மெதுவான வேகத்துக்கு ஏற்றபடியே தளர்ந்தன. அவளைக் காக்க நினைத்த பயம்தான் அவளை நழுவவிட்டது.

"அப்ப என் கை போகலை," என்றாள் வாணி. கண் கலங்கியிருந்தது.

"என் காலுதான் போயிருச்சு கண்ணு. எனக்கே தெரியலை, பாரு."

"இன்னும் முழுச் சூடு ஏறலீங்க, டயர் எதையும் பழகியிருக்காது. எறங்குங்க, மாத்தி உக்காரலாம்."

அவளே ஓட்டினாள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாம் வளைவு வந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் காலை எடுக்கவில்லை.

மறுநாள் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தாள். வால் ஆடவில்லை. காரை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

கொட்டகையில் அவன் பழக்கிய மழை டயர்கள் இருந்தன. அவற்றைத் தூக்கிப்போட அவன் கை வைத்தபோது வாணி தடுத்தாள். ஈரத்தில் அந்த வளைவில் யாராயிருந்தாலும் மெதுவாகத்தான் போக வேண்டும். அவன் பயம் அங்கே சரியான கணக்கு.

அதன்பிறகு வெயில் டயர்களை வாணி பழக்கினாள். மழை டயர்களை மயில்சாமி பழக்கினான்.